பொல்லு விழுந்த இரவு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலைப் பரிசளிப்பு விழா முடிந்த நாளில் இருந்து ஊரில் கண்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன சேர், இந்த வயசில பொல்லடிக்க வெளிக்கிட்டிருக்கீங்க?" பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டார்கள், தேத்தண்ணிக் கடையிலும் கேட்டார்கள், மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்டார்கள். நாங்களும் சிரித்துச் சமாளித்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்றால் அன்று மேடையில் நின்ற எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஆசிரியர்கள். ஆக இளையவருக்கு 31 வயது, மூத்தவருக்கு 46.

இளம் பிள்ளைகளுக்காக முதலில் ஒரு விளக்கம். களிகம்பு என்றும் பொல்லடி என்றும் நாம் சொல்வது நமது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய ஆட்டம். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனைப் பக்கங்களில் ஒரு காலத்தில் கலியாண வீடு, கத்னா வீடு, பெருநாள், ஊருக்குப் பெரிய மனிதர் வரும் நாள் என்று எதிலும் பொல்லடி இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு பொல்லு. ஆட்கள் சோடி சோடியாக வட்டத்தில் நிற்பார்கள். அண்ணாவியார் பாட்டெடுப்பார், ஆடுபவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் எடுக்கும். கடைசியில் பொல்லுச் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழாது. இன்று நமது ஊரில் இருபது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் இதை நேரில் கண்டவர்கள் மிகக் குறைவு.

இனிக் கதைக்கு வருவோம்.

கடந்த வருடம் தமிழ் மொழித்தினப் போட்டிக்கு எங்கள் பாடசாலையில் தரம் 9 மாணவன் ஒருவன் பேச்சுக்குத் தெரிவானான். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. வகுப்பில் பேசினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். வலய மட்டப் போட்டியில் மேடை ஏறினான், சலாம் சொன்னான், நடுவர்களை விளித்தான். அதோடு நின்றுவிட்டான். ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு யாரையும் பாராமல் இறங்கி வந்து வாகனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஊர் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இந்த வருடம் மறுபடி கேட்டோம். முடியாது என்றான். "பயப்படக் கூடாது மகன், பயத்தை விட்டாத்தான் முன்னேறலாம்" என்று நாம் வழமையாகச் சொல்வதைச் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்:

"சேர், நீங்க மேடையில ஏறினத்த நாங்க ஒரு நாளும் காணல்லயே?"

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் அது அவ்வளவு தைத்தது.

அன்று ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னோம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. யோசித்துப் பார்த்தால் பொடியன் கேட்டதில் பிழையில்லை. விழா என்றால் நாங்கள் கதிரை அடுக்குவோம், திரை கட்டுவோம், மைக் பிடித்துக் கொடுப்போம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மேடைக்குத் தள்ளுவோம். மேடைக்குக் கீழே நிற்கும் வேலை எதற்கும் நாங்கள் பின்நின்றதில்லை. மேலே ஏறும் வேலையை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டிருந்தோம்.

அந்த ஓய்வறையில்தான் ஒவ்வொருவரும் தங்கள் கதையை எடுத்தார்கள். வருடக்கணக்காக ஒன்றாக வேலை செய்பவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லாத கதைகள். விஞ்ஞான ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் தன் முறை வந்த நாளில் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருக்கிறார். இன்னொருவர், தங்கையின் கலியாண வீட்டில் நன்றி சொல்ல எழும்பி, "ஜஸாகல்லாஹ்" என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதை எழுதும் நமக்கும் ஒரு கதை இருந்தது. ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது மீலாத் விழாப் பேச்சுப் போட்டி. மூத்த வாப்பா எழுதித் தந்த பேச்சு. ஒரு மாதம் பாடமாக்கினோம். மேடையில் முதல் இரண்டு வசனம் வந்தது. மூன்றாவது வசனம் வரவில்லை. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று இன்று வரை தெரியாது, ஆனால் அதன் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நாம் மேடை ஏறவே இல்லை. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் பயிற்சியின்போது பின் கதிரையில் விரிவுரையாளர் கொப்பியோடு வந்து உட்கார்ந்த நாளில் வெண்கட்டி பிடித்த கை ஆடியது. எழுதியதை அழித்து அழித்து எழுதினோம். பிறகு வகுப்பறை பழகிவிட்டது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை நிற்கிறோம், ஒரு பயமும் இல்லை. அதே நாற்பது பேரும் பெற்றோராக இருந்து, நாம் நிற்கும் இடம் இரண்டடி உயரமாக இருந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 34 வயதில் இதை மற்றவர்களுக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் கணித ஆசிரியர் சொன்னார், "சேர், நாம ஏறுவம். பேசாம, எல்லாரும் சேந்து ஏறுவம். பொல்லடிப்பம்." அவருடைய மூத்த வாப்பா பழைய பொல்லடிக்காரர். வீட்டு வளையில் இரண்டு பொல்லு இன்னும் சொருகிக் கிடக்கிறதாம்.

அண்ணாவியாரைத் தேடிப் போனோம். 74 வயது. வயல் வேலையை விட்டு மூன்று வருடம். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. அவருடைய கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்களாம், ஒன்பது பேர் மௌத்து. மிச்சம் உள்ளவர்களில் ஒருவருக்கு நடக்க முடியாது. நாங்கள் வந்த விசயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"படிச்ச மனுசர் பொல்லடிக்கிறயா? கால் நோகும் மனெ."

நோகட்டும் என்றோம். கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றோடு வந்தார். கரையெல்லாம் கறையான் அரித்த கொப்பி. உள்ளே பாட்டுகள், அவருடைய வாப்பாவின் கையெழுத்தில். காசு வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "இடையில உட்டுட்டுப் போறெண்டா இப்பவே போங்க."

அசருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பழக்கம் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள், மூன்று மாதம். முதல் வாரம் முழுவதும் எங்கள் விரல் மொழிகளில்தான் அடி விழுந்தது. கணித ஆசிரியர்தான் நம்முடைய சோடி. அவர் வலக்கைப் பொல்லை மேலே எடுக்க வேண்டிய இடத்தில் நாம் இடக்கையை எடுப்போம். "உங்களுக்கு ஆரு சேர் ஒற்றை இரட்டை படிப்பிச்ச?" என்று கேட்பார். வீட்டில் விரல் வீக்கத்தைக் கண்டு உம்மா எண்ணெய் தடவினார். பிள்ளைக்கு அடித்தது போய், வாத்தியாருக்கு அடி விழுகிற காலம் வந்திருக்கிறது என்றார்.

அண்ணாவியார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "பொல்லப் பாத்தா பொல்லு உழும். ஆளப் பாருங்க." அதாவது உன் கையைப் பார்க்காதே, உன் சோடிக்காரரின் கண்ணைப் பார். கை தன் பாட்டில் வரும். நாங்கள் அதை ஆட்டத்துக்குரிய நுணுக்கம் என்றுதான் அப்போது நினைத்தோம். உண்மையில் மேடைப் பயத்துக்கு அதை விடப் பெரிய மருந்து இல்லை என்று பிறகுதான் விளங்கியது. பயந்தவன் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். என் கை ஆடுகிறதா, என் முகம் எப்படி இருக்கிறது, என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முழுக் கணக்கும் தன்னைப் பற்றியதாகவே இருக்கும். பார்வையை வேலையிலும் எதிரே நிற்பவரிலும் வைத்தால் அந்தக் கணக்குக்கு நேரம் கிடைக்காது.

விஞ்ஞான ஆசிரியர் பழக்க இடைவேளைகளில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். பயம் வந்ததும் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலீனை விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குப் போகிறது, அதனால்தான் விரல் குளிர்கிறது. உமிழ்நீர் குறைகிறது, அதனால்தான் வாய் காய்கிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்கு அல்லாஹ் தந்த ஏற்பாடு. உடம்புக்குப் புலிக்கும் பிரதம விருந்தினருக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். கை நடுங்குவது கோழைத்தனத்தின் அடையாளம் இல்லை என்று கேட்டபோது எங்களில் சிலருக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். 2014 இல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாடவும் பேசவும் இருந்தவர்களில் சிலரை "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொன்னார்கள், சிலரை "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொன்னார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். காரணம் இலகுவானது. படபடப்புக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு ஒன்றுதான், இதயம் இரண்டிலும் அப்படித்தான் அடிக்கும். அடிக்கிற இதயத்தை அடிக்காதே என்று அடக்குவது கடினம். அதற்கு வேறு பெயர் வைப்பது இலகு.

பெரிய கலைஞர்களுக்கும் இது உண்டு. ஆங்கில நாடக உலகின் மாபெரும் நடிகர் லோரன்ஸ் ஒலிவியருக்கு 1960களில், ஐம்பது வயதும் கடந்து, புகழின் உச்சியில் நிற்கும்போது மேடைப் பயம் பிடித்தது. ஐந்து வருடமளவில் விடவில்லை. ஒதெல்லோ நாடகத்தில் தான் தனியாக நின்று பேசும் இடங்களில், கூட நடித்தவரை உள்ளே போய்விடாமல் தன் கண்ணுக்குத் தெரியும்படி மேடை ஓரத்தில் நிற்கச் சொன்னாராம். பாடகி பார்பரா ஸ்ட்ரைசான்ட் 1967 இல் நியூயோர்க்கில் பெரும் கூட்டத்தின் முன் பாட்டின் வரிகளை மறந்துவிட்டு, பிறகு இருபது வருடங்களுக்கு மேல் பொதுக் கச்சேரிகளைத் தவிர்த்தார்.

ஒலிவியரின் கதையைக் கேட்டபோது எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியர் மெதுவாக ஒன்று சொன்னார். மூஸா அலைஹிஸ்ஸலாம் பிர்அவ்னின் சபைக்குப் போகும்படி கட்டளை வந்தபோது என்ன கேட்டார்கள்? நெஞ்சை விரிவாக்கித் தரும்படி, காரியத்தை இலேசாக்கித் தரும்படி, நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. தன் சகோதரர் ஹாரூனையும் கூட அனுப்பும்படி கேட்டார்கள். அல்லாஹ்வும் கொடுத்தான். அந்த துஆவை நாமும் சிறு வயதில் இருந்து பரீட்சைக்கு முன்னால் ஓதுகிறோம், பிள்ளைகளுக்கும் ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் துணைக்கு ஆள் கேட்ட பகுதியை ஒரு நாளும் யோசித்ததில்லை. நாம் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு "பயப்படாதே" என்கிறோம்.

நாங்கள் ஒரேயடியாகப் பெரிய மேடைக்குப் போகவில்லை. முதலில் எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடினோம், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பாடசாலை ஊழியர்களுக்கு முன்னால் ஆடினோம். மூன்றாவதாக, அண்ணாவியாரின் உறவுக்காரர் வீட்டுக் கத்னா நிகழ்வில் ஆட ஒத்துக்கொண்டோம். முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர்தான். எங்கள் உடற்கல்வி ஆசிரியர், மைதானத்தின் அந்தத் தொங்கலில் நின்று கத்தினால் இந்தத் தொங்கலில் பிள்ளைகள் நடுங்கும் மனிதர், வேலிக் கடப்பால் வெளியே போய்விட்டார். தலை சுற்றுகிறதாம். ஏழு பேரோடு சோடி சேராது. அண்ணாவியார் அவரைத் திட்டவில்லை. தானே இரண்டு பொல்லையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் வந்து நின்றார். 74 வயது மனிதர் ஆடியதைக் கண்டதும், நாலாவது பாட்டில் உடற்கல்வி ஆசிரியர் திரும்பி வந்து, "தாங்க மூத்தாப்பா" என்று பொல்லைக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு அவர் ஒரு பழக்கத்துக்கும் வராமல் விட்டதில்லை.

இதற்கிடையில் ஊரில் கதையும் எழும்பியது. ஆசிரியர்கள் ஆடலாமா, மார்க்கத்தில் இடமுண்டா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் எங்களுக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்கள் இல்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் போய்ப் பாட்டுக் கொப்பியைக் காட்டினோம். பெரும்பாலும் ஸலவாத்தும் நபி புகழும் புத்தி சொல்லும் பாட்டுகளும்தான். பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளோடு விளையாடியதையும், அதை ஆயிஷா நாயகி பார்க்க நபியவர்கள் இடமளித்ததையும் புகாரியில் காணலாம் என்று அவர் ஞாபகப்படுத்தினார். தொழுகை நேரம் தவறக் கூடாது, ஆடை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இரண்டையும் பேணினோம். கருத்து வேறுபாடு உள்ளவர்கள் மீது எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

விழா நாள் வந்தது.

இஷாவுக்குப் பிறகு நிகழ்ச்சி. வெள்ளைச் சாறன், வெள்ளைச் சட்டை, இடுப்பில் பச்சைத் துணி, தலைப்பாகை. மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மலசலகூடத்துக்கு வரிசையாகப் போய் வந்தோம். இரண்டு பேர் ஒரே போத்தல் தண்ணீரை முடித்தார்கள். திரை இடுக்கால் எட்டிப் பார்த்தபோது மைதானம் நிறையக் கதிரைகள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன் வரிசையில் வலயக் கல்விப் பணிமனையில் இருந்து வந்தவர்கள். ஐந்தாம் ஆண்டில் கேட்ட அந்தச் சிரிப்பு நமக்கு அப்படியே மறுபடி கேட்டது.

அண்ணாவியார் ஒரு மூலையில் உட்கார்ந்து இஞ்சிப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கோப்பையும் சாசரும் கிடுகிடு என்று சத்தம் போட்டன. வயது என்று நினைத்தோம்.

"இல்ல மனெ. பயம். அறுவது வருசமா இப்பிடித்தான். பயம் வராத அண்டைக்கு ஆட்டம் சப்பெண்டு இரிக்கும்."

அறுபது வருடம் ஆடிய மனிதரின் கை நடுங்கியதைக் கண்டதுதான் அன்று எங்களுக்குக் கிடைத்த பெரிய தைரியம். இவ்வளவு நாளும் பயம் போன பிறகுதான் ஏற வேண்டும் என்று காத்திருந்திருக்கிறோம். அது போவதில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

பெயர் கூப்பிட்டார்கள். ஏறினோம். வெளிச்சம் கண்ணில் அடித்ததில் ஒரு நன்மை இருந்தது, கூட்டம் தெரியவில்லை. அண்ணாவியார் நடுவில் நின்று தாளம் தட்டிப் பாட்டெடுத்தார். முதல் பாட்டு மெதுவாகப் போனது. இரண்டாவதில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. மூன்றாவது பாட்டு வேகம் எடுக்கும் இடம். சோடி மாறிச் சுற்றி வந்து, மறுபடி கணித ஆசிரியருக்கு நேரே வந்த நேரம், முன் வரிசையில் யாரோ எழும்பியது கண்ணில் பட்டது. பார்த்துவிட்டோம். ஒரு கணம்தான். வலக்கைப் பொல்லு வழுக்கிப் பறந்தது. மேடைப் பலகையில் இரண்டு தரம் துள்ளிக் கீழே போய் விழுந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பயந்துகொண்டிருந்தது நடந்தேவிட்டது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தோம் என்று பலர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. கால் நின்றுவிட்டது. அப்போது கணித ஆசிரியர், கண்ணை எடுக்காமல், நம் இடக்கைப் பொல்லில் ஓங்கி ஒன்று அடித்தார். "ம்" என்றார். இன்னொரு அடி. மறுபடி "ம்". கை தானாகப் பதில் அடித்தது. ஒற்றைப் பொல்லோடு அடுத்த அடி வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. அண்ணாவியார் பாட்டை நிறுத்தவில்லை. அதே அடியை இன்னொரு தரம் எடுத்து எங்களுக்கு இடம் தந்தார். வட்டம் உடையவில்லை.

மேடை ஓரத்துக்கு வந்தபோது கீழிருந்து ஒரு கை பொல்லை நீட்டியது. குனிந்து வாங்கினோம். யார் என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து சலாம் சொல்லி இறங்கும்போதுதான் கண்டோம். கதிரை அடுக்கும் பிள்ளைகளோடு மேடை ஓரத்தில் நின்ற அந்தப் பொடியன்தான்.

வீட்டுக்குப் போகும்போது இரவு பதினொன்றரை. ஊர் முழுக்க இதைத்தான் கதைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனோம். உம்மா விழித்திருந்தார். "நல்லா இரிந்திச்சி மகன். ஒராளுட பொல்லு உழுந்திச்சே, அது ஆரு?" என்று கேட்டார். பெற்ற உம்மாவுக்கே தெரியவில்லை! அடுத்த நாள் பலரிடம் கேட்டுப் பார்த்தோம். சிலர் உடற்கல்வி ஆசிரியர் என்றார்கள். அவர் இன்னும் அந்தப் பழியைச் சுமக்கிறார், இந்தப் பதிவோடு அவர் விடுதலை. பொல்லு விழுந்ததையே காணாதவர்களும் இருந்தார்கள்.

2000 ஆம் ஆண்டு கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் கிலோவிச் முதலானோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. போட்டுக்கொள்ள வெட்கப்படும் படம் அச்சிட்ட சட்டையோடு ஒரு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தன் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போனவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் அதில் பாதியளவுதான். எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நம் கற்பனை. அவர்களுக்கும் அவர்களுடைய சட்டையைப் பற்றிய கவலை இருக்கிறது. இதை வாசித்து அறிவது வேறு, உம்மாவின் வாயால் கேட்டு அறிவது வேறு.

அந்தப் பொடியனின் கதையையும் சொல்ல வேண்டும். அவன் இந்த வருடப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. நாங்கள் ஆடியதால் அவன் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். விழா முடிந்து நாலைந்து நாள் கழித்து வகுப்பு முடிந்த பிறகு வந்தான்.

"சேர், பொல்லு உழுந்தப்ப ஓடணும் போல இரிக்கல்லயா?"

இருந்தது என்றோம். ஏன் ஓடவில்லை என்று கேட்டான். கணித சேர் அடித்துக்கொண்டே இருந்தார், ஓட விடவில்லை என்றோம். சிரித்தான். பிறகு, "அண்ணாவியார் எங்களுக்கும் பழக்குவாரா?" என்று கேட்டான். இப்போது அவனோடு சேர்த்துப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அவன் பின் சோடியில் நிற்கிறான். பேச்சு பிறகு வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை.

நாமும் ஒன்றைச் செய்தோம். போன வருடம் அவனுடைய போட்டி நாளில், வாகனத்தில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், நம் ஐந்தாம் ஆண்டுக் கதையைச் சொல்லாமல் விட்டோம். அன்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னோம், ஒரு வருடம் பிந்தி.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் எங்கள் அனுபவத்தில் இருந்து சில விசயங்கள்.

பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். "பயம் வரும், எனக்கும் வரும்" என்று சொல்லுங்கள். உங்கள் தோல்வியை அவர்களிடம் ஒளிக்காதீர்கள்.

ஒரேயடியாகப் பெரிய மேடைக்குத் தள்ளாதீர்கள். முதலில் வீட்டில் நாலு பேர், பிறகு வகுப்பு, பிறகு காலைக் கூட்டம். ஒவ்வொரு படியும் பழகிய பிறகு அடுத்த படி.

மேடையில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்கள் அடுத்த நிமிடம் மறந்துவிடுவீர்கள். அந்தப் பிள்ளை மறக்காது.

முடிந்தால் தனியாக ஏற்றாதீர்கள். ஒரு சோடியைச் சேர்த்து விடுங்கள். தனிப் போட்டி என்றால், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். போன வருடம் அவன் மேடையில் நின்ற அந்த ஒரு நிமிடம் நாங்கள் மண்டபத்துக்கு வெளியே வாகனக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைக்கும்போது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக ஓர் உதவி. அண்ணாவியாரின் கொப்பியில் இருபத்தேழு பாட்டுகள் உள்ளன. சில பக்கங்கள் அரித்துப் போய்ப் பாதிப் பாட்டுத்தான் இருக்கிறது, மீதியை அவர் ஞாபகத்தில் இருந்து சொல்லச் சொல்ல நாங்கள் எழுதி வருகிறோம். மூன்று பாட்டுகளின் முடிவு அவருக்கும் ஞாபகம் இல்லை. அதைப் பாடியவர்கள் மௌத்தாகிவிட்டார்கள் என்கிறார். உங்கள் வீட்டில், உங்கள் மூத்த வாப்பாவின் பெட்டியில், இப்படியொரு கொப்பி கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தர வேண்டாம், ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். வளையில் சொருகிய பொல்லு இருந்தால் அதையும் சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு இருபது பொல்லு வேண்டும், எங்களிடம் பதினாறுதான் இருக்கிறது.

அண்ணாவியாருக்கு அடுத்த மாதம் கண் சத்திரசிகிச்சை. அவருக்காக துஆச் செய்யுங்கள். பார்வை திரும்பினால் முதலில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டோம். "நீங்க அடிக்கிறது சரியா எண்டு பாக்கணும்" என்றார்.